களத்துக்கு வராத ஆசாரி

வா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளை, முறுக்குச் சட்டியைத் தொடாம ரெண்டு நாளா மடியில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாக்குதேன்னு ஒங்க ஆச்சிக்குக் கவலை. பொண்ணு விவகாரமா இருக்கும்னு அவ நெனப்பு. அதுக்கெல்லாம் நம்ம பேராண்டிக்கு ஏது நேரம், கம்பெனி விவகாரமாத்தான் இருக்கும்னு சொல்லி அவளைச் சமாதானப்படுத்தி வச்சிருக்கேன்.

நான் சொன்னது சரியாப் போச்சு. ஐ.டி. டிபார்ட்மெண்டைப் பிரிச்சு மாத்திக் கட்டணுமாம். இத்தனை கோடி செலவழிக்கிற டிபார்ட்மெண்டால கம்பெனிக்கு ஆதாயம் என்னன்னு எம்.டி. கேட்டுட்டாராம். வார திங்கக்கெழமை அவரு முன்னால நீ படம் போட்டுக் காட்டணும். எனக்கும் காட்டுனே, சந்தோசம். கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தேன். அம்புட்டும் கட்டம். மேல ஒண்ணு, அதுக்குக் கீழ நாலு, நாலுக்கும் கீழ பதினாறு, கட்டத்துக்குக் கட்டம் கோடு. ஆடுபுலி ஆட்டத்துக்கு வரைஞ்சிருக்கான் பயலுன்னு நெனச்சு, புலி எதுடேன்னு கேட்டேன். நீ சிரிக்கல. புலி ஒங்க எம்.டி.தான்னு அப்பவே வெளங்கிருச்சு.

அந்தா வேப்பமரத்தடியில நிக்குதே நம்ம டிராக்டரு, அது புரட்டாசியில ஒம்பது நாளு படுத்த கதை ஒண்ணு இருக்கு. அதைக் கடைசியில சொல்லுதேன். இப்பச் சொன்னா நீ பாதி முறுக்கோட எந்திரிச்சுப் போயிருவே.

மொதல்ல ஒரு சந்தேகம். ஒங்க கம்பெனி வண்டிகளுக்குச் சாமான் செஞ்சு விக்குது. இந்தக் கட்டத்துக்குள்ள சாமான் எங்கடே இருக்கு? அதை வாங்குதவன் எங்க? அவன் கடைவாசல்ல காத்துக்கெடக்குற சம்சாரி எங்க? “அது வேற டிபார்ட்மெண்ட், தாத்தா”ன்னு சொன்னே. நல்லாருக்கு. கல்யாணவீட்டுப் பந்தல்காரன்கிட்டப் போயி பொண்ணு மாப்பிள்ளை எங்கப்பான்னு கேட்டா, அது வேற மண்டபம்னு சொன்ன மாதிரி இருக்கு.

அதுக்குப் பெறகு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு கணக்குச் சொன்னே பாரு. இந்த வருசத்துல பதினோராயிரம் டிக்கெட்டை முடிச்சு வச்சிருக்கோம்னு. பஸ் டிக்கெட்டா சினிமா டிக்கெட்டான்னு உள்ள இருந்து ஆச்சி கேட்டா. கம்பெனியில எவனுக்காவது கம்ப்யூட்டர்ல கோளாறுன்னா ஒங்களுக்கு ஒரு மனுப் போடணும், அதுக்குப் பேருதான் டிக்கெட்டு, முடிச்சு வச்சா ஒங்களுக்கு மார்க்குன்னு நீயும் பொறுமையா வெளக்குனே. எனக்கு நம்ம ஊரு பழைய கொல்லப்பட்டறை ஞாபகம் வந்திருச்சு.

டிராக்டர் வராத காலத்துல, ஆவணி கடைசியில மேகம் கறுக்கத் தொடங்குனா, ஊருல ஒரு கலப்பை பாக்கியில்லாம ஆசாரி வீட்டு வாசலுக்குப் போயிரும். கொழுவை உலையில காய்ச்சி, முனை தட்டி, தண்ணியில தோய்ச்சுக் கொடுப்பாரு. சுர்ருன்னு ஒரு சத்தம் கேக்கும், ஒரு வாடை வரும். சின்னப்பிள்ளையில அதைப் பாக்குறதுக்குன்னே நான் துருத்தி மிதிக்கப் போவேன். ஒரு கொழுவுக்கு இவ்வளவு கூலின்னு அவரு வாங்கவே மாட்டாரு. தை மாசத்துல கதிரடிக்கும்போது களத்துக்கு வருவாரு. கம்போ சோளமோ, வெளைஞ்சதுல அவருக்குன்னு ஒரு பங்கை அளந்து போடுவாங்க. அதுக்குப் பேரு சுதந்திரம். ஆகஸ்டு 15-க்கு மிட்டாய் கொடுக்காங்களே, அதைச் சொல்லல. அவரு சுதந்திரம் மரக்கால்ல அளந்து வாங்குற சுதந்திரம்.

இப்பக் கணக்குப் போடு. கொழு எத்தனை தடவை மழுங்குனாலும் ஆசாரிக்கு ஒரு காசு கூடாது. ஒரு தடவை தட்டுனது தை வரைக்கும் நின்னாத்தான் அவருக்கு நிம்மதி. அதனால, ‘ஓடைக்கரைப் பிஞ்சையில சுண்ணாம்புக்கல்லு கெடக்கு, அங்க உழுறதுன்னா இந்தக் கொழு ஆகாது’ன்னு அவரே கூப்பிட்டுச் சொல்லுவாரு. எந்தக் காட்டுல எவன் உழுதான், எந்த மாடு இழுக்குன்னு அவருக்கு அத்துபடி. கொழுவுக்கு இத்தனைன்னு எண்ணிக் கூலி கொடுத்திருந்தா, ஆசாரி அன்னைக்கே இரும்பைக் கொஞ்சம் இளக்கமா விட்டிருப்பாரு. வருசக் கடைசியில ‘பதினோராயிரம் கொழு தட்டியிருக்கேன்’னு நெஞ்சையும் நிமித்தியிருப்பாரு, ஒன்னை மாதிரி.

பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரல. மழை பொய்ச்ச வருசம் ஆசாரி வீட்டுலயும் அடுப்பு எரியாது. மரக்காலைத் தலைதட்டி அளக்குற சம்சாரியும் இருந்தான். இன்ன சாதிக்கு இன்ன வேலைதான்னு ஆளைக் கட்டிப்போட்டதும் அதே ஏற்பாடுதான். அது ஒழிஞ்சது நல்லது. நான் அதுல இருந்து ஒரே ஒரு முடிச்சைத்தான் அவுத்து ஒங்கிட்டக் கொடுக்கேன்: ஆசாரியோட கூலி களத்துல இருந்துச்சு. ஒங்க கூலி பட்டறையிலயே முடிஞ்சுபோகுது. கோவில்பட்டியில நடந்து போற பத்துப் பயலுகள்ல ஒருத்தன் கையில ஹாக்கி மட்டை இருக்கும். அவன்கிட்டக் கேட்டுப் பாரு, பந்தை எத்தனை தடவை தட்டுனோம்னு ஸ்கோர்போர்டுல எழுதுவாங்களான்னு.

என்னடே அப்படிப் பாக்குதே? தாத்தா காட்டுல கெடக்குற மனுசன், இவருக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னா? ஏலே, நான் முப்பது வருசம் மில்லுல டைம் ஆபீஸ் குமாஸ்தா. எந்த மில்லுன்னு கேக்காதே, பென்சன் வந்துக்கிட்டு இருக்கு. எண்பதுகளோட கடைசியில அங்க கம்ப்யூட்டர் வந்து எறங்குச்சு. அதுக்கு ஒரு தனி ரூம்பு, குளிரூட்டி வேற. செருப்பைக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போகணும். குலசாமிகிட்டக்கூட நான் அம்புட்டுப் பயபக்தியாப் போனதில்ல. அதுக்கு முந்தி, வேலைக்கு வந்தவன் பித்தளை வில்லையைப் பலகையில மாட்டுவான், நான் பேரேட்டுல குறிப்பேன். கம்ப்யூட்டர் வந்த பெறகு? வில்லையைப் பாத்துச் சீட்டு எழுதி உள்ள கொடுப்பேன். உள்ள ஒரு பையன் தட்டுவான். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட தாளு கீச்சுக் கீச்சுன்னு வெளிய வரும். அந்தத் தாளைப் பாத்து நான் பேரேட்டுல எழுதுவேன். ஏன்னா, கையெழுத்துப் பேரேடு இருந்தாத்தான் கணக்கு செல்லும்னு மேல இருந்தவருக்கு நம்பிக்கை. ஒரு வேலை மூணு வேலையாச்சு. ஒங்க அப்பனுக்கு ரஃப் நோட்டுக்குத் தாளு கெடைச்சதுதான் மிச்சம்.

நீதான போன பொங்கலுக்குச் சொன்னே, அமெரிக்காவுல ராபர்ட் சோலோன்னு ஒரு பொருளாதாரக்காரர், 1987-ல நோபல் பரிசு வாங்குனவரு, அதே வருசம் ஒரு நக்கல் அடிச்சாருன்னு? கம்ப்யூட்டர் காலம் எங்க திரும்புனாலும் தெரியுது, உற்பத்திக் கணக்குல மட்டும் காணலையேன்னு. அந்த மனுசன் எங்க டைம் ஆபீசுக்கு வந்திருந்தா நான் ஒரு டீயை வாங்கிக் கொடுத்துக் காட்டியிருப்பேன், அது எங்க போயி ஒளிஞ்சுக்கிட்டுன்னு.

அதுக்குப் பதிலும் நீதான் சொன்னே. சொன்னவன் மறந்துட்டே, கேட்டவன் நான் மறக்கல. ஸ்டான்ஃபோர்டுல பால் டேவிட்னு ஒருத்தர் 1990-ல எழுதுன கட்டுரை. எடிசன் நியூயார்க்ல பேர்ல் தெரு மின்நிலையத்தை ஓடவிட்டது 1882 செப்டம்பர்ல. அதே வருசம் டிசம்பர்ல இங்க எட்டயபுரத்துல பாரதி பொறந்தாரு. பாரதி வளந்து, காசிக்குப் போயி, பத்திரிகை நடத்தி, பாடி முடிச்சு, 1921-ல கண்ணையும் மூடிட்டாரு. அதுவரைக்கும் அமெரிக்காத் தொழிற்சாலைகளுக்குக் கரண்டால பெரிய லாபம் வந்து கொட்டல. ஏன்? நீராவி எஞ்சின் இருந்த எடத்துல ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கி வச்சாங்க. கூரையில ஓடுற நீளத் தண்டும், அதுல இருந்து தொங்குற பெல்ட்டும் அப்படியே இருந்துச்சு. எந்திரத்துக்கு ஒரு மோட்டாருன்னு தனித்தனியா வச்சு, சரக்கு போற வழிக்குத் தக்கனத் தொழிற்சாலையையே மாத்திக் கட்டுன பெறகுதான், இருபதுகள்ல கணக்கு ஏறுச்சு. கிட்டத்தட்ட நாப்பது வருசம்!

அமெரிக்காக்காரனைச் சிரிக்காதே. நம்ம தோட்டத்துக் கெணத்துல கமலையை எடுத்துட்டு மோட்டார் மாட்டுனப்ப, எங்க ஐயா ஒரு வருசம் என்ன செஞ்சாரு தெரியுமா? விடியக்கருக்கல்ல மோட்டாரைப் போடுவாரு, வெயில் ஏறுனதும் அமத்திருவாரு. ஏன்யான்னு கேட்டா, ‘மத்தியானம் ஓய்வு நேரம்லா’ம்பாரு. யாருக்கு ஓய்வு? மாட்டுக்கு! மாட்டை வித்து ஆறு மாசம் ஆச்சு. ஒங்க கம்பெனியில இந்த மாதிரி வித்த மாட்டுக்கு ஓய்வு விடுற வேலை எத்தனை நடக்குன்னு மொதல்ல எண்ணிட்டு, அப்புறமா கட்டம் போடு.

கட்டம்னதும் இன்னொண்ணு. கான்வேன்னு ஒருத்தர் 1968-ல எழுதுனதையும் நீயே சொல்லியிருக்கே: ஒரு நிறுவனத்துக்குள்ள ஆளுக எப்படிப் பேசிக்கிடுதாங்களோ, அதே உருவத்துலதான் அவங்க செய்யுற சிஸ்டமும் அமையும்னு. இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? நம்ம கீழத்தெருவுல அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச வீட்டைப் போயிப் பாரு. கெணத்துக்கு நடுவுல சுவரு நிக்கும். இந்தப் பக்கம் ஒரு உருளை, அந்தப் பக்கம் ஒரு உருளை. தண்ணி என்னமோ ஒண்ணுதான். சுவரு தண்ணியில நிக்கல, ரெண்டு பொண்டாட்டிமாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததுல நிக்குது. ஒங்க விற்பனைக்காரனுக்கு ஒரு கம்ப்யூட்டர்க் கணக்கு, கிட்டங்கிக்காரனுக்கு ஒண்ணு, வரவுசெலவுக்காரனுக்கு ஒண்ணு. ஒரே வாடிக்கைக்காரன் பேரு மூணுலயும் மூணு விதம்னு நீயே பொலம்புனே. அதை இணைக்கப் புதுசா ஒரு மென்பொருள் வாங்கப்போறோம்ங்குதே. எத்தனை மென்பொருள் வந்தாலும் கெணத்துச் சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரிதான்.

ஆளுகளை மாத்தி உக்காத்து. சாமான் கேட்டு ஒருத்தன் போன் போட்ட நிமிசத்துல இருந்து அவன் கையில சாமான் போய்ச் சேருற வரைக்கும் ஒரு வெள்ளாமைன்னு வையி. அந்த வெள்ளாமைக்கு விற்பனைக்காரன் ஒருத்தன், கிட்டங்கிக்காரன் ஒருத்தன், நிரல் எழுதுறவன் ரெண்டு பேரு, எல்லாரும் ஒரே டீக்கடையில டீ குடிக்கணும். விதைச்சவனே களையெடுக்கணும், அவனே களத்துல நின்னு அளக்கணும். நிரலை எழுதிக் கொடுத்துட்டு ஒருத்தன் போயிட, ராத்திரி ரெண்டு மணிக்கு அது படுத்தா எழுப்ப இன்னொருத்தன்னு வச்சா, மொதல்ல எழுதுனவனுக்குப் புத்தி வராது. அமேசான் கம்பெனியில 2006-லயே இதைச் சொல்லியிருக்காங்க, கட்டுனவனே ஓட்டணும்னு. எங்க ஐயா அதுக்கு முந்தியே சொல்லியிருக்காரு; அவரை யாரும் பேட்டி எடுக்கல, அம்புட்டுத்தான்.

இப்ப நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரைச் சொல்லுதேன். எட்டயபுரத்துக்குப் பக்கத்துல அயன் வடமலாபுரம், 1918-ல பொறந்தவரு டாக்டர் வெங்கடசாமி. மூட்டுவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போன கையோட கண் ஆபரேசன் பண்ணுனவரு. அரசாங்க வேலையில இருந்து 58 வயசுல ஓய்வு வாங்கிட்டு, என்னை மாதிரித் திண்ணையில உக்காந்து பேரனைக் கிண்டல் பண்ணாம, 1976-ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்குனாரு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்சு வெளிநாட்டு வெலையில கட்டுப்படியாகலன்னு, 1992-ல ஆரோலேப்னு தொடங்கி மதுரையிலயே செய்ய ஆரம்பிச்சாங்க.

அதுலயும் எனக்குப் பிடிச்சது சின்னச் சின்ன ஊருல வச்சிருக்காங்களே, விஷன் சென்டர், அதுதான். போன வருசம் ஒங்க பெரியத்தை கண்ணு மங்குதுன்னு போனா, நான் தொணைக்குப் போனேன். டாக்டரைக் காணோம். ஒரு பொண்ணு, நம்ம பக்கத்துப் பிள்ளை மாதிரிதான், பெரியத்தை தாடையை ஒரு தாங்கல்ல வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைக் கண்ணுல அடிச்சுப் பாத்து, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டா. பெறகு திரையில டாக்டர் வந்தாரு. அவரு இருக்குறது எங்கயோ பெரிய ஆஸ்பத்திரியில. ‘அம்மா, எத்தனை நாளா மங்குது?’ன்னு கேட்டாரு. பெரியத்தை எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுதா! இதை மொதமொதல்ல தேனிப் பக்கம், 2000-களோட நடுவுல, அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பயலுகளோட சேந்து, நீளத் தூரம் போற வைஃபை போட்டுச் செஞ்சாங்க. இன்னைக்கு நூறுக்கு மேல சென்டர் ஓடுது.

இதுல ஐ.டி. டிபார்ட்மெண்ட் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்? தெரியாது. பெரியத்தைக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது பஸ்சுக்காசு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம், மத்தியானச் சோத்துக்கு வீடு வந்தாச்சு. கெழவி எதுக்கு இம்புட்டுத் தூரம் வரணும்ங்குறது கேள்வி. கம்பியில்லாக் கம்பி அந்தக் கேள்விக்குப் பின்னால வந்துச்சு. ஒன் படத்துல கம்பிதான் மொதல்ல நிக்குது, கெழவியைத் தேடிக்கிட்டு.

ஒண்ணைச் சொல்லிருதேன். புதுசு புதுசுன்னு ஓடுற வேகத்துல, இருக்குறதைக் காத்துக்கிட்டு நிக்கிறவனைக் கேவலமாப் பேசிராதே. நேத்து ‘அவங்க சும்மா பராமரிப்பு ஆளுக, தாத்தா’ன்னு ஒரு மாதிரி இழுத்தே. அந்தத் தேனி வைஃபையையும் இமயமலைப் பக்கத்துல இன்னொண்ணையும் நடத்திப் பாத்த பெர்க்லிக்காரங்க 2008-ல எழுதியிருக்காங்க: கருவி கெட்டதுக்குப் பெரிய காரணம், கரண்டு தாறுமாறா ஏறி எறங்கி வந்ததுதான், அந்தந்த ஊரு ஆளுகளுக்கே பழுது பாக்கக் கத்துக் கொடுத்த பெறகுதான் அது நின்னு ஓடுச்சுன்னு. கம்மாய்க் கரையில எலி வளை அடைக்கிறவன் இருக்கான்ல, அவன் வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது. அடைமழையில ஊரு தூங்கும். அந்த ஒண்ணும் நடக்காததுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். குடிமராமத்தை விட்ட ஊரு என்ன ஆச்சுன்னு தூர்ந்து கெடக்குற கம்மாய்களைப் பாத்தாலே தெரியும்.

ஆனா பால் வத்துன மாட்டுக்கும் பருத்திக்கொட்டை வச்சுக்கிட்டே இருக்கக்கூடாது. எந்த மாடு வத்துனதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். டைம் ஆபீஸ்ல இருந்து திங்கக்கெழமை தோறும் ஒரு பட்டியல், மூணு பிரதி, மூணு ஆபீசருக்குப் போகும். பாதி நாளு அதுக்கே போயிரும். ஒரு சித்திரையில நான் சத்தமில்லாம நிறுத்திட்டேன். வைகாசி போச்சு, ஆனி போச்சு, ஒருத்தரும் கேக்கல. ஆடியில ஒரு ஆளு வந்து கேட்டாரு: ‘என்னய்யா, ரெண்டு மூணு மாசமா அந்தத் தாளு வரலையே?’ மில்லு வாசல் டீக்கடைக்காரரு. வடை மடிக்கிறதுக்கு அந்தத் தாளுதான் தோதா இருந்துச்சாம். ஒங்க கம்பெனியில தினம் தினம் கெளம்புற ரிப்போர்ட்டுகள்ல பாதியை ஒரு மாசம் நிறுத்திப் பாரு. கேட்டு வாரவனை உக்கார வச்சு, அதை வச்சு என்ன செய்யுதேன்னு கேளு. ஒருத்தனும் வரலேன்னா அந்தக் கொட்டிலைப் பிரிச்சிரு.

ராத்திரி வேற ஒரு ஆசையையும் சொன்னே. ராஜபாளையத்து ராம்கோ இண்டஸ்ட்ரீஸோட ஆராய்ச்சிப் பிரிவா 1992-ல தொடங்குனது, பெறகு ராம்கோ சிஸ்டம்ஸ்னு தனிக் கம்பெனியாகி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் மென்பொருள் விக்குது; நம்ம டிபார்ட்மெண்டையும் அப்படி ஆக்கிட்டா என்னன்னு. ஆகலாம், தப்பில்ல. பஞ்சாலையும் சிமெண்டும் ஓட்டுன வீட்டுப் பிள்ளை அது. வீட்டு வேலையைச் செஞ்சு பழகித்தான் சந்தைக்குப் போச்சு. நீ இன்னும் வீட்டுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கல. அதுக்குள்ள தண்ணிலாரி ஓட்டப் பாக்குதே.

இன்னொரு பக்கம், இருக்குறது அம்புட்டையும் தூக்கி எறிஞ்சிட்டு ஒரே நாள்ல புதுசுக்கு மாறிருவோம்னு ஒருத்தன் ஒனக்கு ஆசை காட்டியிருக்கான். 2018-ல இந்தக் கரிசக்காட்டுல எங்க பாத்தாலும் மக்காச்சோளம். கோழித்தீவனத்துக்குப் போகுது, நல்ல வெலைன்னு ஆளு பாக்கியில்லாம அதையே போட்டோம். அந்த வருசம்தான் படைப்புழு நம்ம தேசத்துக்கே மொதமொதல்ல வந்துச்சு. குருத்துக்குள்ள பூந்து தின்னு தீத்துருச்சு. ஓரத்துல நாலு சாலு உளுந்தும் பாசியும் போட்டவன் வீட்டுலதான் அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுச்சு. மானாவாரிக்காரன் ஒரே மழையை நம்பி மொத்த வெதையையும் கொட்டமாட்டான். மொதல்ல ஒரு குறுக்கத்துல போட்டுப் பாரு. மொளைச்சா மிச்சத்துக்குப் போ.

செலவுக் கணக்கையும் மில்லுக்காரன் மாதிரிக் கோடியில சொல்லாதே, யாருக்கும் வெளங்காது. நம்ம தீப்பெட்டிக்காரங்களைப் பாரு. பதினாலு வருசமா ஒரு ரூவாய்க்கு வித்த பெட்டியை 2021 டிசம்பர்ல ரெண்டு ரூவா ஆக்குறதுக்குள்ள கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசின்னு எல்லாரும் கூடி எத்தனை கூட்டம் போட்டாங்க! மெழுகுக்கு எத்தனை பைசா, அட்டைக்கு எத்தனை பைசான்னு ஒரு பெட்டிக்குக் கணக்கு வச்சிருக்கான். ஒங்க கம்பெனி விக்கிற ஒரு சாமானுக்கு ஒன் டிபார்ட்மெண்டால எத்தனை ரூவா ஏறுது, அதனால எத்தனை நாள் குறையுதுன்னு சொல்லத் தெரிஞ்சா, எம்.டி. ஒன் படத்தைப் பாக்கவே மாட்டாரு. ஒன் மொகத்தைப் பாப்பாரு.

அந்தக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடு. 2020-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, கடிச்சுப் பாரு. வெறும் கடலையை அள்ளிக் கொடுத்தா கைக்குள்ள நிக்காது, செதறிப் போகும். பாகு பதம் தப்புனா ஒண்ணு பிசுபிசுக்கும், இல்லாட்டிப் பல்லு பேந்துரும். எல்லாம் பாகோட பதத்துலதான் இருக்கு. ஆனா பேரு என்ன? கடலைமிட்டாய். பாகுமிட்டாய்னு எவனாவது சொல்லுதானா? அதுக்குப் பாகு கோவிச்சுக்கிடுச்சா? ஒங்க டிபார்ட்மெண்ட் பேரு மேல வரணும்னு நீ போட்டிருக்கே பாரு மொதல் கட்டம், அதை மட்டும் அழிச்சிரு ராசா.

சரி, டிராக்டருக்கு வாரேன். புரட்டாசியில ரெண்டு மழை பதமா விழுந்துச்சு. நாலு குறுக்கத்துல ரெண்டை விதைச்சு முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் கிளட்ச் பிளேட்டு போச்சு. கோவில்பட்டி மெக்கானிக்கு மதுரைக் கடைக்குப் போன் அடிச்சான். கடைக்காரன் கம்ப்யூட்டரைப் பாத்து, கம்பெனிக் கிட்டங்கியில நாலு இருப்பு இருக்கு, நாளைக்கு வந்துரும்னான். மறுநாளும் வரல, அதுக்கு மறுநாளும் வரல. வெசாரிச்சா, அந்த நாலும் பழுதுன்னு திரும்பி வந்து மூலையில கெடக்குற பிளேட்டு. கிட்டங்கிக்காரன் நோட்டுல அது பழுது. விற்பனைக்காரன் திரையில அது நல்ல சரக்கு. கடைக்காரன் கம்பெனிக்குப் புகார் போட்டான். அன்னைக்குச் சாயங்காலமே பதில் வந்துச்சு: ‘ஒங்க புகார் தீர்த்து வைக்கப்பட்டது’ன்னு. எப்படித் தீந்துச்சுன்னா, எவனோ ஒருத்தன் திரை நல்லாத் தொறக்குதான்னு பாத்தான், தொறந்துச்சு, முடிச்சு வச்சிட்டான். பிளேட்டு வந்து சேந்தது ஒம்பதாம் நாளு. மெக்கானிக்கு அட்டைப்பெட்டியைப் பிரிச்சப்ப மேல இருந்த பேரைப் படிச்சேன். படிச்சிட்டு ஒங்க ஆச்சிகிட்டக்கூடச் சொல்லல. பேரன் கம்பெனின்னு தெரிஞ்சா அவ தீபாவளிக்கு முறுக்கு சுட்டிருக்கமாட்டா.

ஒன் பதினோராயிரத்துல அது ஒண்ணு, எய்யா.

எந்திரிச்சிட்டியா? அதான் மொதல்லயே சொன்னேன். போ, போயி பிஞ்சையைப் பாத்துட்டு வா. நடுவுல ஒரு கோடு தெரியும். அதுக்கு இங்குட்டு மக்காச்சோளம் இடுப்பு உயரம் நிக்குது, அங்குட்டு முழங்காலைத் தாண்டல. ஒங்க டிபார்ட்மெண்ட் வரைஞ்ச கோட்டுல நான் பாத்தது அது ஒண்ணுதான். மெக்கானிக்கு நம்பரு காலண்டருக்குப் பின்னால எழுதி வச்சிருக்கேன், திங்கக்கெழமை எம்.டி.யைப் பாக்குறதுக்கு முன்னால அவனைப் பாத்துட்டுப் போ.

ஏலே, அந்தச் சூவைக் கழட்டிட்டுப் போ. ராத்திரி மழை பெஞ்சிருக்கு. கரிசல்ல நாலு எட்டு வச்சேன்னா பாதிக் காடு ஒன் காலோட கெளம்பி வந்துரும்.

தையில அறுப்பு. லீவு போட்டுக் களத்துக்கு வா. ஒனக்கும் சுதந்திரம் ஒரு மூட்டை அளந்து வைக்கேன். முழங்கால் பயிர்ல இருந்துதான் அளப்பேன், அதை இப்பமே சொல்லிட்டேன்.